பச்சை முகத்து ரீக்கா

மனைவியின் முகம் பச்சையாக இருந்தது. தலைமுடி அடர் ஊதா. பின்னால் இருந்த ஏரி, யாரோ பீட்ரூட் சூப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் செக்கச்செவேலென்று கிடந்தது.

இல்போ திரையிலிருந்து சற்றுப் பின்வாங்கிப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். கண்ணாடி இல்லாமலும் பச்சைதான்.

"ரீக்கா இப்படியாடா இருந்தா?" என்றான் தார்மோ.

"பதினஞ்சு வயசுல எல்லாரும் கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருப்போம்."

"இது வித்தியாசம் இல்ல. வாந்தி வர்றதுக்கு முன்னாடி வர்ற கலர்."

இருவரும் தார்மோ வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவின் முன்னறையில், துண்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பழைய அமிகா கணினியை வீட்டுக்குள் வைக்கத் தார்மோவின் மனைவி விடவில்லை. "ஒண்ணு அது, இல்ல நான்" என்று சொல்லியிருந்தாள். தார்மோ இரண்டு நாள் யோசித்ததாக ஊரில் பேச்சு.

தார்மோவுக்கு மழலையர் பள்ளியில் ஆசிரியர் வேலை. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் பெயர் 'மரண அம்பு'. இல்போவின் பெயர் 'கறுப்பு வால்'. இருவரும் சேர்ந்து, கணினியில் படமும் இசையும் செய்து வெளியிடும் 'நரகத்தின் புதல்வர்கள்' என்ற குழுவை நடத்தினார்கள். உறுப்பினர்கள் மொத்தமே அந்த இரண்டு பேர்தான். வடக்கு ஐரோப்பா முழுவதையும் நடுங்கவைப்பது குழுவின் நோக்கமாக இருந்தது. சொந்த ஊரான இசல்மியில்கூட யாரும் நடுங்கவில்லை.

இப்போது இல்போவைக் கண்டு ஊர் நடுங்கத்தான் செய்கிறது. வாகனப் பரிசோதனை நிலையத்தில் அவனுக்கு வேலை. கார்களுக்கு அடியில் படுத்துத் துருவைத் தேடுவான். ஒருவன் ஆசை ஆசையாக ஓட்டிய காரை "தேறாது" என்று சொல்லிவிட்டு, அதே முகத்தோடு போய் மீன் சூப் சாப்பிடுவான்.

"தேறாது" என்றான் இப்போதும், திரையைப் பார்த்து.

"பாரு கண்ணா," என்றான் தார்மோ. பள்ளியில் பேசிப் பேசி அவனுக்கு அந்தக் குரல் அப்படியே நின்றுவிட்டது. "இந்த மாதிரிப் பழைய படத்துக்குள்ள கலரே கிடையாது. நம்பர்தான் இருக்கும். இந்தப் புள்ளிக்கு மூணாம் நம்பர் கலர், அந்தப் புள்ளிக்கு ஏழாம் நம்பர் கலர். எந்த நம்பர்னா எந்தக் கலர்னு கோப்போட தலையில ஒரு அட்டவணை இருக்கும். அது கெட்டுப்போச்சுன்னா உருவம் நிக்கும், கலர் அம்பேல்."

"அப்ப அட்டவணை கெட்டுப்போச்சு."

"இல்ல, நாம மாத்தின மென்பொருள் கெட்டது. எதுன்னு பாப்போம். அழக்கூடாது, சரியா?"

"நான் அழலடா."

"யாருமே முதல்ல அழமாட்டாங்க."

சனிக்கிழமை ரீக்காவுக்கு ஐம்பது வயது. ஐம்பதாம் பிறந்தநாளுக்கு இசல்மியில் யாரையும் தனியாக அழைக்க வேண்டியதில்லை. காபி போட்டுவைத்தால் போதும், வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கேக்கின் மேல் சர்க்கரைத் தாளில் அச்சடித்து, இந்தப் படத்தை வைத்து ஒரு பழைய வழக்கை முடித்துவிடுவது என்று இல்போ தீர்மானித்திருந்தான்.

வழக்கு இதுதான். தொண்ணூற்றெட்டாம் வருடம் நடுக்கோடைத் திருநாள் நடனத்தில் இல்போ ரீக்காவின் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "உங்க பேர் என்ன?" என்று கேட்டுத் தொலைத்தான். கல்யாணமாகி மகள் பிறந்து அவளும் ஹெல்சிங்கிக்குப் படிக்கப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

"பேர் என்னவாம், பேரு!" என்பாள் ரீக்கா, விருந்தாளிகள் முன்னால். "எங்க கோடைவீடும் இவங்க கோடைவீடும் பக்கத்துல பக்கத்துல. தொண்ணூத்தொண்ணுல ஜூலை முழுக்க மழை. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு எங்க படகுத்துறையில உக்காந்திருப்பேன், இவர் கண்ணுல படணும்னு. இவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

"பெட்டிக்குள்ள நீதான் இருந்த. உன்னைத்தான் வரைஞ்சேன்."

"எங்க, காட்டு."

இந்த இடத்தில் விருந்தாளிகள் சிரிப்பார்கள். இல்போவும் சிரிப்பான். ஆனால் போன இலையுதிர்காலத்தில், வலை எடுக்கப் போன படகில், அவள் துடுப்பை நிறுத்திவிட்டு, சிரிக்காமல், "ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். இல்போ பதில் சொல்வதற்குள் மறுபடி துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டாள். அதிலிருந்து அந்த வரி அவன் கூடவே கார்களுக்கு அடியிலெல்லாம் வந்து படுத்துக்கொண்டது.

படம் வரைந்தது உண்மை. அந்த ஜூலையில் கணினியைக் கம்பளியில் சுற்றிக் கோடைவீட்டுக்குக் கொண்டுபோய், டிவியில் மாட்டி, புள்ளி புள்ளியாக மாதம் முழுக்க வரைந்தான். அப்பாவுக்குச் செய்தி பார்க்க வழியில்லாமல் போயிற்று. அவர் விறகு வெட்டப் போய்விடுவார். அந்த வருடம் விறகு மட்டும் மூன்று குளிர்காலத்துக்குக் காணும்படி சேர்ந்தது. படம் முடிந்த அன்றைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்ட இல்போவுக்குத் தைரியம் வரவில்லை. ரீக்காவின் குடும்பம் ஊருக்குக் கிளம்பிப் போயிற்று. ஊர் திரும்பிய வாரமே கணினியைத் தார்மோவிடம் விற்று மொபெட் வாங்கினான். படம் பதிந்த நெகிழ்வட்டு மட்டும் கோடைவீட்டு இழுப்பறையில், தூண்டில் முட்களுக்கு அடியில், இத்தனை காலம் கிடந்தது.

"வேற ஒரு மென்பொருள்ல மாத்தறேன்" என்றான் தார்மோ.

வேறொன்றில் மாற்றினார்கள். முகம் அதே பச்சை. ஆனால் இப்போது தாடை மார்புவரை இறங்கி, ரீக்கா ஒரு பச்சைக் குதிரையாகியிருந்தாள்.

"அந்தக் காலத்துப் புள்ளி சதுரமா இருக்காது கண்ணா. இது சதுரம்னு நினைச்சு நீட்டிடுச்சு. அகலமாக்கினா சரியாயிடும்."

அகலமாக்கினார்கள். குதிரை போய் ரொட்டி வந்தது. பச்சை ரொட்டி, ஊதா முடியோடு.

"முதல்ல இருந்ததே பரவால்லயே" என்றான் இல்போ.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இரு, மன்றத்துல கேப்போம்."

பழைய கணினிக்காரர்கள் இன்னும் கூடிக்கொண்டிருக்கும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. தார்மோ கோப்பை அதில் ஏற்றிவிட்டுக் காபி போடப் போனான். திரும்பி வருவதற்குள் டென்மார்க்கிலிருந்து 'இரத்தப் பிசாசு' பதில் போட்டிருந்தார். அவருடைய படத்தில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் மடியில் முயலை வைத்துக்கொண்டு சிரித்தார். சிவப்பு எண்ணும் பச்சை எண்ணும் இடம் மாறியிருக்கின்றன, மாற்றிப் போடுங்கள் என்றார். மாற்றிப் போட்டார்கள். முகம் சிவந்து ரீக்கா யாரையோ அடிக்கக் கிளம்பியவளைப் போலானாள். ஏரி பச்சையாயிற்று.

"ஏரி தேறும்" என்றான் இல்போ, நேர்மையாக.

அதற்குள் நோர்வேயிலிருந்து 'இருள் வேந்தன்' வந்து, இரத்தப் பிசாசுக்கு இதெல்லாம் என்ன தெரியும், தொண்ணூறில் எங்கள் இசையைத் திருடிய கூட்டம்தானே என்றார். பிசாசு அதை மறுத்தார். ஸ்வீடன்காரர் ஒருவர் சமாதானத்துக்கு வந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு பக்கம் ஓடிய அந்தச் சண்டையின் கடைசியில், மறந்துபோன பொருளை எடுத்துவைப்பதுபோல் இருள் வேந்தன் ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்கள் கோப்பை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நிறங்கள் இவைதான்.'

தார்மோ தலையைச் சொறிந்தான். "டேய், இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வரைஞ்சவன் யாரு? நானா, இருள் வேந்தனா?"

"நீதான்."

"அப்ப எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு புள்ளியும் நான் கண்ணால பாத்து வெச்சது. பச்சை மூஞ்சின்னா அப்பவே தெரிஞ்சிருக்காதா?"

தார்மோ எழுந்து விறகை எடுத்தான். சவுனாவைச் சூடாக்கலாமா என்று கேட்டான். இசல்மியில் பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அதுதான் வழக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் இல்போ கோப்பை எடுத்துக்கொண்டு கேக் கடை ஓய்லியிடம் போனான். ஓய்லி அந்தத் தெருவுக்கே அக்கா. ஞானஸ்நானம், பட்டம், கல்யாணம், ஓய்வு என்று ஊரார் முகங்களையெல்லாம் சர்க்கரையில் அச்சடித்து, ஊராரையே தின்னவைத்துக்கொண்டிருப்பவள்.

"அய்யய்யோ, என்னடா இது? பேயோட்டற விசேஷமா?"

"தொண்ணூத்தொண்ணு ஜூலையில நான் வரைஞ்ச ரீக்கா, அக்கா. கலர் கெட்டுப்போச்சு."

"கெட்டதுன்னு பாத்தாலே தெரியுதே." ஓய்லி கையைத் துடைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். "கவலைப்படாத. இந்தப் பச்சை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஒரே தட்டுல மாத்திடலாம். முகம் நான் பாத்துக்கறேன், தினம் பண்றதுதான். சட்டை?"

இல்போ கண்ணை மூடிக்கொண்டான். படகுத்துறை தெரிந்தது. "சிவப்பு."

"ஏரி?"

"நீலம். தகதகன்னு."

"முடி?"

இல்போவின் மூடிய கண்களுக்குள் மாலை வெயில் சாய்ந்து அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. "பொன்னிறம்" என்றான்.

ஓய்லி திரும்பிப் பார்த்தாள். "ரீக்காவுக்கா? அவளுக்கு முடி கருகருன்னு இருக்குமே."

"வெயில்ல பொன்னிறமாத் தெரியும்க்கா."

"அந்த ஜூலையில வெயிலே அடிக்கலடா. எங்க உருளைக்கிழங்கெல்லாம் அழுகிப்போச்சு."

"என் ஞாபகத்துல அடிச்சுது."

ஓய்லி ஊரில் நிறையப் பேருடைய ஞாபகங்களுக்குக் கேக் செய்து கொடுத்தவள். வாடிக்கையாளரோடு வாதாடுவதில்லை. தட்டினாள். பொன்னிற முடி, இளஞ்சிவப்பு முகம், சிவப்புச் சட்டை, நீல ஏரி. தொழிலில் சேர்ந்த நாள் முதல் இல்போ இவ்வளவு மனம் நிறைந்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"தேறியாச்சு."

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. செருப்பும் ஷூவும் வாசலை அடைத்துக்கொண்டன. ஏலக்காய் பன் தட்டு மூன்று முறை காலியாகி மூன்று முறை நிரம்பியது. ரீக்கா நீல உடையில், கறுத்த முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இல்போவின் அப்பா ஆர்னே ஜன்னலோர நாற்காலியில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஆர்னே பேசுவது அபூர்வம். மகனின் கல்யாணத்தில் அவர் ஆற்றிய உரை, "சரி." அம்மா இறந்தபோது, "நல்லவ." இரண்டுமே நன்றாக இருந்ததாக ஊரில் சொன்னார்கள்.

இல்போ கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் தூக்கினான்.

"தொண்ணூத்தொண்ணு ஜூலை," என்றான், மூச்சு வாங்க. "பெட்டிக்குள்ள யாரு இருந்தான்னு கேட்டியே. இதோ."

ரீக்கா காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். குனிந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டது.

"பியா" என்றாள்.

"என்ன?"

"இது பியா."

பியா, ரீக்காவின் சித்தப்பா மகள். அதே மூக்கு, அதே நெற்றி. முடி மட்டும் கோதுமைக்கதிர் மாதிரி. அந்த ஜூலையில் அவளும் ஒரு வாரம் அந்தக் கோடைவீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது பன்னைக் கடித்த வாயோடு மேசையருகே வந்தாள், பார்த்தாள், நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ... நானா! இல்போ! இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இல்ல, பியா, இது—"

"எனக்கு ஒரு சிவப்புச் சட்டைகூட இருந்துச்சு!"

பியாவின் கணவன் தன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "இது எந்த வருஷம்னு சொன்னீங்க?" என்று கேட்டான், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"இது ரீக்காதான்!" என்றான் இல்போ. "கலர் போட்டது நேத்து. ஓய்லி அக்கா கடையில."

"நீ சொன்ன கலரைத்தான்டா போட்டேன்," என்றாள் கூட்டத்திலிருந்து ஓய்லி. "முடி கருப்புன்னு சொன்னேன். கேட்டியா?"

இல்போ கைப்பேசியை எடுத்தான். ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினான். குதிரை வந்தது. ரொட்டி வந்தது. சிவந்த முகம் வந்தது. கைப்பேசி கைமாறிப் போயிற்று. கூட்டம் உற்சாகமாகிவிட்டது.

"இது நம்ம மேயர் மாதிரி இல்ல?"

"இந்தப் பச்சை நல்லா இருக்கே. தவளை இளவரசி."

"அந்தப் பழைய கோப்புல கலர் நம்பராத்தான் இருக்கும், குழந்தைகளா," என்று தார்மோ எல்லோருக்கும் விளக்கத் தொடங்கினான். "கையைக் கட்டிக்கிட்டுக் கேளுங்க." இரண்டொருவர் கட்டிக்கொண்டார்கள்.

ரீக்கா மட்டும் சிரிக்கவில்லை. படகில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"உன் கையால வரைஞ்ச படம். எனக்கு என்ன கலர் முடின்னு உனக்கே தெரியல. அப்ப ஜன்னல் வழியா நீ பாத்தது யாரை, இல்போ?"

பிறருடைய துருவை வருடக்கணக்காகச் சுட்டிக்காட்டிய மனிதன், தன் கேக்கின் மூடியைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தான். பச்சையென்றால் பொய், பொன்னிறமென்றால் பியா. பியாவின் கணவன் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

சுற்றி வந்த கைப்பேசி கடைசியில் ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது. ஆர்னே அதைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். முதலில் மாற்றிய படம், பச்சை முகமும் அடர் ஊதா முடியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு வாய் காபி குடித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். அவர் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் சமையலறையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"கோடைவீட்ல இருந்தது கறுப்பு-வெள்ளை டிவிடா," என்றார் ஆர்னே. "அதுல இந்த முடி கருகருன்னுதான் இருந்துச்சு, 'மழையில உக்காந்திருக்கிற ரீக்காவைத்தான் இவன் வரையறான், அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடு'ன்னு நான் அன்னிக்கே உங்கம்மாகிட்ட சொன்னேன்."